தட்டில் விழாத குரல்

பாடியவர்கள் நான்கு பேர். இசைத்தட்டில் இருந்தவை மூன்று குரல்கள்.

1960ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து அஞ்சலில் அந்தத் தட்டு வந்தது. அன்றிலிருந்து இந்தக் கணக்கு எனக்கு இடித்துக்கொண்டே இருந்தது. ஊசியை மாற்றிப் பார்த்தேன். வேறொரு கிராமபோனில் போட்டுப் பார்த்தேன். ஒலிபெருக்கியோடு காதை ஒட்டிக் கேட்டேன். சின்னப்பாவின் குரல் கணீரென்று இருந்தது. அதற்குப் பின்னால் நல்லையாவின் கட்டைக் குரல் இருந்தது. என் குரல்கூட இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தேவதாஸின் குரல் மட்டும் இல்லை. சரியாகச் சொன்னால், இரண்டாவது சரணத்தில் மற்றவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில், நாலு வீடு தள்ளி யாரோ பாடுவது போல ஒரு நிழல் கேட்டது. அவ்வளவுதான்.

நான் அப்போது மலாக்காவில் புங்கா ராயா சாலையில் ஒரு ரேடியோ கடையில் வேலை பார்த்தேன். பேசாத பெட்டியைப் பேச வைப்பது என் பிழைப்பு. வால்வு சூடாகிறதா, மின்சாரம் எதுவரை வருகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனால் எந்தக் கோளாறும் கடைசியில் கையில் சிக்கிவிடும். இது சிக்கவில்லை. மூன்று வருடம் சிக்கவில்லை. அதற்குள் எங்கள் குழு கலைந்துவிட்டது.

குழுவின் பெயர் காஜா பாய்ஸ். காஜா பெராங்கில் தொடங்கியதால் அந்தப் பெயர். மலாயில் அந்த இடத்தின் பெயருக்குக் கோபங்கொண்ட யானை என்று அர்த்தம். கல்யாண வீடுகளில் நாங்கள் மேடை ஏறும்போதே பின்வரிசையிலிருந்து யாராவது கத்துவார்கள்: "யானக்குட்டிங்க வந்திருச்சு, வாழமரத்தப் பத்தரமாப் பாத்துக்குங்க!"

நால்வரையும் சொல்லிவிடுகிறேன். முதன்மைப் பாடகன் சின்னப்பா. அவன் மலாக்கா செட்டி. அவனுடைய ஆட்கள் இந்த ஊருக்கு வந்து எத்தனையோ தலைமுறையாகிவிட்டது. மாரியம்மனைக் கும்பிடுவார்கள், திருநீறு பூசுவார்கள்; வீட்டில் பேசுவது மலாய். சின்னப்பாவுக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் முப்பது சொல் இருக்கும். அதில் நாலு கெட்ட வார்த்தை. அவை நல்லையா கொடுத்த சீதனம். நல்லையா மீன் சந்தையில் கூடை தூக்குபவன். குழுவில் அவன் வாத்தியம் ஒரு தேயிலைப் பெட்டி. பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் துளைபோட்டு, அதில் ஒரு கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையை ஒரு துடைப்பக் கட்டையில் கட்ட வேண்டும். கட்டையைச் சாய்த்துக் கயிற்றை இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். இவ்வளவு எளிய கருவியிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வருவது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். நான் கணேசமூர்த்தி. கிதார் வாசிப்பேன், மைக்கும் கம்பியும் என் பொறுப்பு.

நான்காவது ஆள் தேவதாஸ். பெண்டஹாரா சாலை ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கும் வேலை அவனுக்கு. பாட்டு எழுதுவது அவன். மெட்டு அவனுடையது. சின்னப்பாவின் குரலுக்குக் கீழே இன்னொரு குரலைக் கூடவே நடத்திக்கொண்டு போவான். இரண்டும் சேரும்போது மூன்றாவதாக ஒன்று கேட்பது போலிருக்கும். மேடையில் போட நால்வருக்கும் ஒரே மஞ்சள் சட்டை தைத்துக்கொடுத்ததும் அவன்தான். அது திரைச்சீலைத் துணி என்பது மூவாரில் ஒரு மண்டபத்தில் தெரிந்தது. ஜன்னலெல்லாம் எங்கள் சட்டையே தொங்கியது.

இப்போது ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாக விளக்க வேண்டும். தமிழ் தெரியாத சின்னப்பா தமிழ்ப் பாட்டு பாடியது எப்படி?

வரிகளைத் தேவதாஸ் ரூமி எழுத்தில், அதாவது மலாய் எழுதப் பயன்படும் ஆங்கில எழுத்தில், எழுதிக் கொடுப்பான். ஆனால் காகிதத்தைப் பார்த்துப் பாடினால் சின்னப்பாவின் 'ழ' எல்லாம் தரையில் உருளும். அதனால் அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். தேவதாஸ் சின்னப்பாவின் வலது கைப்பக்கம், மைக்குக்கு ஓரமாக நின்றுகொள்வான். ஒவ்வொரு சொல் வருவதற்கும் தாளத்தில் அரைத் தட்டு முன்னால், சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து அந்தச் சொல்லைக் காட்டிவிட்டு, உடனே தன் பங்கைப் பாடத் தொடங்குவான். சின்னப்பா கடைக்கண்ணால் அந்த வாயைப் பார்த்துக்கொண்டே பாடுவான். சபையில் இருந்த ஒருவருக்கும் இது தெரியாது. "என்னா சுத்தமான தமிழ்!" என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சின்னப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். சின்னப்பா தனக்குத் தெரிந்த முப்பதில் ஒன்றைச் சொன்னான்: "சாமி புண்ணியம்."

மைக் நான் பொருத்தியது. ஒரு பழைய கிரிஸ்டல் மைக்கின் உட்பகுதியைத் தகர டப்பாவில் அடைத்திருந்தேன். அது மேளத்தின் தோல் மாதிரி. முன்னால் ஒரு மெல்லிய தகடு, பின்பக்கம் மூடியது. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தகட்டை அழுத்தும். எனவே நாங்கள் நால்வரும் அதைச் சுற்றி நிற்போம்: சின்னப்பா முன்னால், நானும் நல்லையாவும் பின்னால், தேவதாஸ் பக்கத்தில். மூன்று வருடம் அப்படியே நின்று பாடினோம்.

அந்த மூன்று வருடமும் எங்களுடையது. சுதந்திரம் கிடைத்த வாரம் ஊர்த் திடலில் நாங்கள் மூன்று பாட்டு பாடினோம். மழை தூறியது, யாரும் போகவில்லை. அதற்குப் பிறகு தம்பின், மூவார், சிரம்பான் என்று கல்யாணங்களுக்குக் கூப்பிட்டார்கள். வானொலியின் தமிழ்ப் பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட வைத்தார்கள். பெண்டஹாரா சாலையில் நாங்கள் நடந்தால் நகைக்கடைப் படியில் நிற்கும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொள்வார்கள். "ஒன்னப் பாத்து இல்லடா, ஒன் தேயிலைப் பெட்டியப் பாத்து," என்று தேவதாஸ் நல்லையாவைச் சீண்டுவான்.

1960 மார்ச்சில் சிங்கப்பூரில் இசைத்தட்டு போடும் ஒரு கடையிலிருந்து கடிதம் வந்தது. ஒரு தட்டு, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலாய். தேவதாஸின் அம்மா பொன்னம்மா அப்போதே படுக்கையில் இருந்தார். நெஞ்சுச் சளி, எழுந்து உட்கார முடியாது. கல்யாண வீடுகளுக்கு வந்து ஒருமுறைகூட மகன் பாடிக் கேட்டதில்லை. "தட்டு வந்தா இங்கயே படுத்துக்கிட்டுக் கேப்பேன்ல?" என்று எங்களை வழியனுப்பினார்.

ஒலிப்பதிவுக் கூடம் ஒரு கடையின் மாடியில் இருந்தது. சுவரெல்லாம் மெத்தை தொங்கவிட்டிருந்தார்கள். கைதட்டினால் தட்டிய இடத்திலேயே சத்தம் செத்துவிழும். வழக்கமாகப் பதிவு செய்பவர் அன்று விடுமுறை. கடை முதலாளியே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அறை நடுவில் உயரமான தண்டில் ஒரு மைக். என் டப்பா மைக் மாதிரி இல்லை. நீளமாக, இரண்டு பக்கமும் சல்லடை வைத்து, பெரிய மாத்திரை போல இருந்தது. தரையில் அதற்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு சுண்ணாம்புக் கோடுகள். கோட்டில் நில்லுங்கள் என்று முதலாளி மலாயில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"ரெண்டு கோடுதான் இருக்கு. நாம நாலு பேருல?" என்றான் தேவதாஸ்.

"அது ஸ்டாண்டு வெக்கறதுக்குப் போட்டிருப்பாங்க," என்றேன் நான். "மைக்குன்னா சுத்தி எல்லாப் பக்கமும் கேக்கும்டா. நீ எப்பவும் போல நில்லு. இல்லாட்டி இவன் தமிழுக்கு யார் பொறுப்பு?"

சின்னப்பாவின் சப்பாத்து கீச்சிட்டது. மைத்துனனிடம் இரவல் வாங்கிய, கயிறு கட்டும் சப்பாத்து. கழற்றி வைக்கச் சொன்னார்கள். வெறுங்காலோடு பாடினான். முதல் முறை பாடி முடித்ததும் ஒரு குரல் சின்னதாக இருக்கிறது என்று முதலாளி சொன்னார். தேவதாஸ் ஓர் அடி நெருங்கி நின்றான், அதே பக்கத்தில். இரண்டாவது முறையும் சின்னது என்றார். மூன்றாவது முறை கழுத்து நரம்பு புடைக்கப் பாடினான். நேரம் முடிந்துவிட்டது. பதிவை ஒரு சின்ன ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டியபோது தேவதாஸ் தொண்டை எரிகிறது என்று கீழே தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். நாங்கள் மூவரும் எங்கள் குரலைக் கேட்டுக் குதித்துக்கொண்டிருந்தோம். இல்லாத ஒன்றை யார் தேடுவார்கள்?

படியிறங்கும்போது சின்னப்பா வெறுங்காலைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினான். பத்து நிமிடம் கழித்து வந்தான்.

தட்டு வந்த அன்று பொன்னம்மாவின் கட்டிலருகே கிராமபோனை வைத்தோம். சின்னப்பாவின் குரல் எழுந்தது: 'பாலத்தடியில் போகும் படகே, பாடிக்கிட்டே போயேன்.' பொன்னம்மா கண்ணை மூடிக் கேட்டார். முதல் சரணம் போயிற்று.

"இது சின்னப்பா," என்றார். "எதுடா ஒன் கொரலு?"

தேவதாஸ் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். தட்டு சுற்றியது. அவன் முகம் மாறுவதை நான் பார்த்தேன். அடுத்த வரி வந்தபோது அவன் கிராமபோனுக்குப் பின்னால் போய் நின்று, தன் பங்கைத் தானே பாடினான். மெதுவாக, தட்டிலிருந்து வருவது போல.

"ஆங், இதான்," என்றார் பொன்னம்மா. "இன்னொருவாட்டி போடு."

அன்று ஏழு முறை போட்டோம். ஏழு முறையும் அவன் பாடினான். அடுத்த நாள் அவன் ஜவுளிக்கடையில் இருந்தபோது, பொன்னம்மா அவன் தங்கச்சி கோகிலாவைத் தட்டைப் போடச் சொல்லிக் கேட்டாராம். முழுவதும் கேட்டுவிட்டு, "நேத்து இருந்துச்சே," என்றாராம்.

ஆகஸ்டில் அவர் இறந்தார்.

துக்க வீட்டில் ஒரு வருடம் பாட்டில்லை, மேடை இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். சிங்கப்பூரில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் மாதம் முழுக்கப் பாட அழைப்பு வந்திருந்தது. தேவதாஸ் இல்லாமல் மூவராகப் போகலாமா என்று நான்தான் கேட்டேன். சின்னப்பா முறைத்தான். "காமி துங்கு," என்றான். காத்திருப்போம் என்று அர்த்தம். வானொலிக்கும் அப்படியே எழுதினோம்: காஜா பாய்ஸ் ஓர் ஆண்டு ஓய்வில் இருப்பார்கள்.

இந்த ஓராண்டில் தட்டு ஊரெல்லாம் ஓடியது. சின்னப்பாவின் பெயர் சின்னப்பாவுக்கு முன்னால் நடந்தது. யாரோ தேவதாஸின் காதில் ஒன்றைப் போட்டார்கள்: பதிவுக் கூடத்தில் ஒரு குமிழைத் திருப்பினால் யாருடைய குரலையும் அமுக்கிவிடலாமாம். அது உண்மைதான், தனித்தனி மைக் இருந்தால். எங்களுக்கு இருந்தது ஒரே மைக். ஒரே மைக்கில் மூன்று குரலை விட்டு ஒன்றை மட்டும் எந்தக் குமிழாலும் அமுக்க முடியாது. இதை அவனிடம் சொன்னேன்.

"அப்ப என் கொரல் எங்க போச்சு, சொல்லு மூர்த்தி."

என் டப்பா மைக்கை வைத்து நல்லையாவை நாலு பக்கமும் நிறுத்திப் பாட வைத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் கேட்டது. சிங்கப்பூருக்கு எழுதினேன். எங்கள் கருவிகள் நல்ல நிலையில் உள்ளன என்று ஒற்றை வரி வந்தது.

1961 ஆகஸ்டில், வருடம் திரும்பியதும், நல்லையா வீட்டுப் பின்புறம் ரம்புத்தான் மரத்தடிக் கொட்டகையில் கூடினோம். நாங்கள் எப்போதும் பாடிப் பழகும் இடம். சின்னப்பா எல்லோருக்கும் அவன் அக்கா பத்மினி செய்த பலகாரம் கொண்டுவந்திருந்தான். தேவதாஸ் உட்காரவில்லை.

"சிங்கப்பூருல அந்தப் பத்து நிமிஷம் மேல மொதலாளிகிட்ட என்னா பேசுன?"

சின்னப்பாவுக்குப் புரியவில்லை. நான் மலாயில் சொன்னேன்.

"சப்பாத்து," என்றான் சின்னப்பா.

"சப்பாத்து மாட்டப் பத்து நிமிஷமா?"

"கயிறு... கட்டத் தெரியாது லா." தமிழிலேயே சொல்ல முயன்று கையால் முடிச்சுப் போட்டுக் காட்டினான்.

நல்லையா சிரித்துவிட்டான். அவன் குணம் அது. நல்ல மனசோடுதான் சிரித்தான். அந்தச் சிரிப்பு எங்கே கொண்டு போயிற்று என்பதைத் தேவதாஸின் முகத்தில் பார்த்தேன்.

"ஒவ்வொரு சொல்லா ஒன் வாய்க்குள்ள நான் எடுத்து வெச்சேன்," என்றான் தேவதாஸ். "எங்கம்மா அந்தத் தட்டுக்குள்ள என்னத் தேடிக்கிட்டே செத்தாங்க."

"புக்கான் அக்கு, தேவா," என்றான் சின்னப்பா. நான் இல்லை என்கிறான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். தேவதாஸ் போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு கல்யாணத்தில் மூவராகப் பாடினோம். தமிழ்ப் பாட்டு வந்ததும் சின்னப்பாவின் கண் வலது பக்கம் போயிற்று. அங்கே யாரும் இல்லை. இரண்டாவது வரியில் நின்றுவிட்டான். அடுத்த ஆண்டு பொங்கல் கழிந்ததும் சிங்கப்பூரில் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். அவன் போனதைப் பத்மினி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

1963இல் ஊரில் ஒரு நடன மண்டபத்தை மூடினார்கள். அங்கிருந்த ஒலிக்கருவிகளை எங்கள் கடைக்காரர் மொத்தமாக எடுத்தார். அடியில் ஒரு மைக் கிடந்தது. நீளமாக, இரண்டு பக்கமும் சல்லடை வைத்து, பெரிய மாத்திரை போல. சிங்கப்பூரில் பார்த்த அதே வகை.

திறந்து பார்த்தேன். உள்ளே மேளத்தோல் மாதிரி எதுவும் இல்லை. இரண்டு காந்தங்கள், நடுவே ஓர் இடுக்கு. அந்த இடுக்கில், மேலும் கீழும் மட்டும் பிடித்திருக்க, ஓர் அலுமினிய நாடா தொங்க வேண்டும், அது அறுந்திருந்தது. விரற்கடை நீளம், சிகரெட் பெட்டித் தாளைவிட மெல்லியது. கெட்டுப்போன கண்டென்ஸர் ஒன்றைப் பிரித்து அதிலிருந்து தகட்டை எடுத்தேன். கடிகாரத்தின் இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே விட்டுச் சின்னச் சின்ன மடிப்பாக்கினேன். மூச்சு விட்டால் பறந்துவிடும். அதனால் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு மாட்டினேன்.

பிறகு ஒலியின் அளவைக் காட்டும் முள் ஒன்றை இணைத்து, மைக்குக்கு முன்னால் அலாரக் கடிகாரத்தைப் பிடித்தேன். டிக் டிக்கென்று முள் துள்ளியது. வேலை செய்கிறது. சந்தோஷத்தில், கடிகாரத்தைக் கையில் வைத்தபடியே, மேசையின் அந்தப் பக்கம் இருந்த திருப்புளியை எடுக்கச் சுற்றிப் போனேன். முள் படுத்துவிட்டது.

நாடா மறுபடி அறுந்துவிட்டதென்று நினைத்தேன். இன்னும் ஓர் அடி நடந்தேன். முள் எழுந்தது. பின்பக்கம் போனேன், முன்னால் துள்ளிய அதே அளவு துள்ளியது. மறு ஓரத்துக்குப் போனேன், படுத்தது.

காபிக் கடை வாசலில் இருக்கும் அரைக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து தள்ளினால் உள்ளே போகும், உள்ளிருந்து தள்ளினால் வெளியே வரும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளினால்? கதவு அசையாது. அந்த நாடாவும் அப்படித்தான். முன்னாலிருந்து வரும் ஒலி அதைப் பின்னுக்குத் தள்ளும். பின்னாலிருந்து வருவது முன்னுக்குத் தள்ளும். ஓரத்திலிருந்து வரும் ஒலியோ நாடாவின் இரண்டு முகத்தையும் ஒரே நொடியில், ஒரே பலத்தோடு தொடும். நாடா நின்ற இடத்தில் நிற்கும். அது அசையாவிட்டால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் குரல் இல்லை. எவ்வளவு நெருங்கி நின்றாலும், கழுத்து நரம்பு புடைத்தாலும் இல்லை. மெத்தை தொங்கும் அறையில் சுவரில் பட்டுத் திரும்பி வரும் கொஞ்ச ஒலிதான் நிழலாக விழும்.

கடிகாரத்தைக் கீழே வைத்தேன். தரையில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள். ஒன்று முன்னால், ஒன்று பின்னால். அது ஸ்டாண்டு வைக்க என்று சொன்னது நான்.

தேவதாஸ் அப்போது புக்கிட் பாருவுக்கு வீடு மாறியிருந்தான். பாட்டை முழுவதும் விட்டிருந்தான். கடையில் துணி கிழிக்கும்போதுகூட முணுமுணுப்பதில்லை என்று கோகிலா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை கடை மூடியிருக்கும்போது அவனைக் கூட்டிவந்தேன். டேப் ரெக்கார்டரை இணைத்தேன்.

"பாடு," என்றேன். "பாடிக்கிட்டே இதச் சுத்தி நட."

"வெளையாடுறியா?"

"ஒரே ஒரு தடவ. அப்புறம் நீ என்ன அடிச்சாலும் சரி."

மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் வாயைத் திறந்தான். குரல் துருப்பிடித்திருந்தது. 'பாலத்தடியில் போகும் படகே' என்று தன் பங்கைப் பாடியபடி, பூனை நடப்பது போல மெதுவாக மைக்கைச் சுற்றி நடந்தான். டேப்பைத் திருப்பிப் போட்டேன். குரல் வந்தது, தேய்ந்தது, காணாமல் போயிற்று, மறுபடி வந்தது, மறுபடி காணாமல் போயிற்று. காணாமல் போன இடத்தில் சுவர்க்கடிகாரம் மட்டும் மங்கலாகக் கேட்டது.

அவன் மறுபடி போடச் சொன்னான். மூன்றாவது முறை கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். நான் அரைக் கதவை விளக்கினேன். கோடுகளைச் சொன்னேன்.

"அங்க நிக்கச் சொன்னது நான்தான், தேவா. சின்னப்பா இல்ல."

அவன் என்னை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. மைக்கின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு எட்டு தள்ளி நின்னிருந்தா," என்றான், "எங்கம்மா கேட்டிருப்பாங்க."

"ஆமா."

"அவன் சப்பாத்துதான் மாட்டிக்கிட்டிருந்தான்."

"ஆமா."

அன்றே காஜா பெராங்குக்குப் போனோம். பத்மினி வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். தம்பி எந்தக் கப்பலில் இருக்கிறான் என்று தெரியாது, வருடத்துக்கு ஒரு கடிதம் வரும் என்றார். பிறகு தேவதாஸைப் பார்த்து மலாயில் ஒன்று சொன்னார். அவன் புரியாதது போல என்னைப் பார்த்தான், அவனுக்குப் புரிந்திருந்தது. போகிக்கு அவர்கள் வீட்டில் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள், குடும்பத்தாருக்கு மட்டும். சின்னப்பா ஊரைவிட்டுப் போவதற்கு முன் வந்த போகியில், இன்னோர் இலை போடச் சொல்லி அடம்பிடித்தானாம். யாருக்கு என்று கேட்டதற்கு, தேவாவின் அம்மாவுக்கு என்றானாம். வேறு சாதி, வேறு வீடு, அப்படி வழக்கமில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவனே ஓர் இலையை அறுத்துவந்து போட்டிருக்கிறான்.

தேவதாஸ் மிளகாய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். சண்டை போட்டு ஐந்து மாதம் கழித்து அந்த இலை விழுந்திருக்கிறது என்று அவன் விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்தேன்.

கடிதத்தை அவனே எழுதினான். மலாயில், ரூமி எழுத்தில், ஒருகாலத்தில் பாட்டு வரிகளை எழுதிக் கொடுத்த அதே கையெழுத்தில். சிங்கப்பூரில் சின்னப்பா கடைசியாக இருந்த முகவரிக்கு அனுப்பினோம். ஆறு வாரம் கழித்து, ஆள் இங்கே இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. தேவதாஸ் அதைப் பத்மினியிடம் கொடுத்துவைத்தான். சின்னப்பா என்றைக்கு வந்தாலும் கையில் கொடுக்கச் சொன்னான். இது எழுதும்வரை அவன் வரவில்லை. வானொலிக்கு நாங்கள் எழுதியது ஓய்வு என்றுதான். அதை மாற்றி எழுத எங்கள் மூவருக்கும் மனம் வரவில்லை.

கடிதத்தில் மன்னிப்பு முதல் வரியில் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு படம். நடுவில் ஒரு மைக், தரையில் இரண்டு கோடுகள். படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறான்:

'அந்த மைக்குக்கு முன்னாலும் பின்னாலும் காது உண்டு, ஓரங்களில் இல்லை. ஆகவே நீ முன்கோட்டில் நில். நான் பின்கோட்டில், உனக்கு நேர் எதிரே நிற்பேன். என் வாய் உனக்கு முன்பைவிட நன்றாகத் தெரியும். இரண்டு குரலும் விழும்.'